பாசி அலசிய தண்ணீர்

கடல்பாசியை அலசுவது என் வேலை. டாலிகஞ்சில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் சிமெண்டுத் தொட்டிகள், பெரிய ஸ்டீல் பானை, குழாய்கள், ஒரு கறுப்பு டாங்கி. பாசியிலிருந்து வண்டி ஓட்டுகிற சாராயமும், மிச்சமாகிற சக்கையிலிருந்து அடுப்பு எரிகிற கேஸும் எடுக்க முடியுமா என்று அங்கே சோதனை நடக்கிறது. எடுப்பவர்கள் படித்தவர்கள். நான் அதிலிருக்கிற உப்பைப் போக்குகிறேன்.

இதற்கு முன்னால் தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப்பனைக் குலை வெட்டினேன். தோட்டம் நின்றுபோனது. கப்பல் ஏறி இங்கே வந்தோம். அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மண்ணில் வேலை செய்த குடும்பம். கடலில் முளைப்பதைக் கையால் தொட்டவன் நான்தான் முதல்.

பாசி மூங்கில் மிதவைகளில் வளர்கிறது. வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி, படகில் அனுப்புகிறார்கள். காலையில் சாக்கைப் பிரித்தால் மொறமொறவென்று இருக்கும். அப்படியே பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் நசநசவென்று ஆகியிருக்கும். மழை வேண்டாம். பாசியிலிருக்கிற உப்பு காற்றிலிருந்தே தண்ணீரைக் குடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொள்வது ஒரு மேடம். சின்ன வயது. மெயின்லேண்டிலிருந்து வந்தவர். திருச்சிப் பக்கம். முதல் நாள் எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

"அண்ணா, இந்த ஈஸ்ட் இருக்கு பாருங்க, இது உயிர். இட்லி மாவு பொங்குதுல்ல, அந்த மாதிரி. பாசியில இருக்குற இனிப்ப இது தின்னுச்சுன்னா சாராயமா விடும். உப்பு ஜாஸ்தியா இருந்தா திங்காது. செத்துரும்."

"அப்ப உப்பில்லாம ஆக்கிப் போடணும்."

"ஆமா. பத்தியச் சாப்பாடு."

மூன்று அலசல். முதல் அலசலில் மணலும் சிப்பியும் போகும். இரண்டாவதில் உப்பு. மூன்றாவதில் மிச்ச உப்பு. மூன்றுக்கும் நல்ல தண்ணீர். டாங்கர் கொண்டுவந்து ஊற்றும். கடைசித் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்க மேடத்திடம் பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. முனையை நனைத்தால் எண் காட்டும். எனக்கு எண் வேண்டியிருக்கவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவேன். சொன்னது சரியாகவே இருந்தது. "மெஷினே வேணாம் போல, உங்க நாக்கு போதும்" என்று மேடம் சிரித்தார். எனக்குப் பெருமைதான். பிறகு மேடம் இல்லாத நாட்களில் நாக்கை வைத்தே அலசலை முடித்தேன்.

முதன்முதலில் சாராயம் இறங்கிய அன்று மேடம் ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்தார். வெயிலில் நெருப்புத் தெரியவே இல்லை. எரியவில்லை என்று நினைத்துக் கையை நீட்டினேன். சுட்டது.

எங்கள் வீடு ஒரு வரிசை வீடு. மாசி பிறந்தால் இந்த ஊரில் பைப்பில் தண்ணீர் வருவது குறைந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பிறகு மூன்று நாளைக்கு. என் அம்மா பைப்பைப் பீலி என்றுதான் சொல்வாள். என் பெண்டாட்டிக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. பீலி வருகிற நாளில் அவள் வேறு எதற்கும் வாய் திறக்கமாட்டாள். வராத நாளில் என்னிடம் திறப்பாள்.

"ஊரே ஒரு கொடத்துக்கு அல்லாடுது. நீங்க அங்க பாசிக்குத் தல குளிப்பாட்டி விடுறீங்க."

"வேல அது."

"சோப்பும் போடுறீங்களா, இல்ல சீயக்காயா?"

அவள் சிரிப்புக்குத்தான் சொன்னாள். எனக்கு அது உறைத்தது. டாங்கர் கொட்டகைக்குள் திரும்பும்போது ரோட்டோரம் காலிக் குடத்தோடு நிற்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். கேட்டைத் திறந்துவிடுவது நான். அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டேன். உள்ளே போய்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்குவேன். மூன்றாவது அலசல் தண்ணீர், கண்ணுக்குக் குடிக்கிற தண்ணீர் மாதிரியே இருப்பது, நாலியில், சாக்கடையோடு சாக்கடையாக, ஓடும். அந்தச் சத்தம் நல்ல சத்தம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ராமநாதபுரத்துக்காரி. தைப்பாள். புருஷன் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. படுத்த படுக்கை. முதுகுக்குக் கீழே சின்னதாக ஒரு படுக்கைப்புண். அதைப் பெரிதாக விடக்கூடாது என்பதுதான் அவளுக்கு விடிந்தால் எழுந்தால் கவலை. துணி சுத்தமாக இருக்கணும், உலர்ந்து இருக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரிப்பை மாற்றிக்கொண்டே இருப்பாள். மாற்றினால் துவைக்கணும். துவைக்கத் தண்ணீர் வேண்டும்.

ஒரு காலையில் அவள் விரிப்பு துவைப்பதைப் பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரில் துவைத்தாள். என்னைப் பார்த்துவிட்டு வாளியைக் கொஞ்சம் நகர்த்தி மறைத்தாள்.

அவள் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

அன்றைக்கே மேடத்திடம் போனேன். "மேடம், மூணாவது தண்ணி நாலியில போகுது. பக்கத்து வீட்டுல சீக்காளி. எடுத்துக்கவா?"

"அரே, இதக் கேக்கணுமா அண்ணா? எடுத்துட்டுப் போங்க. துணிக்கு, கக்கூஸுக்கு வச்சுக்கட்டும். குடிக்க வேணாம்."

சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் கட்டினேன். சாயங்காலம் அவள் வாசலில் இறக்கினேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"உப்புக் கரிக்குமாண்ணே?"

"நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். நல்ல தண்ணி."

"எங்கம்மா பாசி எடுக்கக் கடலுக்குள்ள முங்குனவ. அந்தக் காசுலதான் எனக்குக் கம்மல் போட்டாக. இப்ப பாசி குளிச்ச தண்ணி எம் புருஷனுக்கு. சலோ, பாசி நம்ம குடும்பத்த விடாது போல." சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள். "கேட்டீகளா, அண்ணன் பானி கொண்டாந்திருக்காக!"

உள்ளே இருந்து அவர் ஏதோ ஒலி கொடுத்தார். அவருக்கு அது ஒன்றுதான் வரும். சந்தோஷத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

அந்தச் சில வாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. டாங்கருக்குக் கேட்டைத் திறக்கும்போது ரோட்டைப் பார்க்க முடிந்தது.

பங்குனியில் டாங்கர் குறைந்தது. பாதிதான் வந்தது. மேடம் கணக்குப் போட்டு ஒரு வழி சொன்னார். மூன்றாவது அலசல் தண்ணீரைக் கீழே விடவேண்டாம், அடுத்த தொட்டிப் பாசிக்கு அதையே இரண்டாவது அலசலுக்கு விடலாம், கடைசியில் மட்டும் கொஞ்சம் புதுத் தண்ணீர். அப்படியே செய்தேன். சாராயம் குறையவில்லை. மேடத்துக்குச் சந்தோஷம். அதோடு அவர் லீவில் மெயின்லேண்டு போனார்.

நானும் கேன் நிரப்புவதை விடவில்லை. ஆனால் இப்போது நிரப்பியது ஒரு தடவை அலசிய தண்ணீர் இல்லை. ஒரு தொட்டியில் புழங்கி, இன்னொரு தொட்டியிலும் புழங்கியது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். நாக்கு நல்ல தண்ணீர் என்றது. அதை நம்பினேன்.

என் நாக்கைப் பற்றி என் பெண்டாட்டி அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். சோற்றில் உட்கார்ந்தால் குழம்பில் உப்பில்லை என்பேன். அவள் உப்புச் சாடியைத் தட்டுக்குப் பக்கத்தில் நங்கென்று வைப்பாள்.

"நாள் பூரா உப்புத்தண்ணியில கெடந்து நாக்குச் செத்துப்போச்சு ஒங்களுக்கு. இதுக்கு மேல போட்டா கருவாடுதான்."

அவள் சமையலுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் மதில் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "அண்ணே, துணி காயவே மாட்டேங்குது. நாள் பூரா வெயில்லதான் கெடக்கு. எடுத்து விரிச்சா ஈரிக்குது."

"காத்துல ஈரம்" என்றேன்.

"அதான் போல."

சாக்குப் பாசி நசநசக்கும்போது ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் விரிப்பு ஈரித்தபோது காற்றைச் சொன்னேன். இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று நிறைய யோசித்துவிட்டேன். நல்லது செய்கிறோம் என்று இருந்தவனுக்கு அதில் கெட்டதைத் தேடத் தோன்றாது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில். அது பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மத்தியான வெயில். சுவர் தொட்டால் சுட்டது. எங்கள் கொடியில் காலையில் போட்ட வேட்டி காய்ந்து விறைத்து நின்றது. அவள் கொடியில் விரிப்பு துவண்டு தொங்கியது. பக்கத்தில் போய்த் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. பாசிச் சாக்கைத் தொட்டது மாதிரி.

முனையைக் கடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டேன்.

"இதக் கொஞ்சம் நாக்குல வையி."

"என்னாத்துக்கு?"

"வையி."

வைத்தாள். துப்பினாள். "த்தூ! உப்புக்கண்டம் மாதிரி இருக்கு."

முந்தின நாள் சாயங்காலம் நான் கொண்டுவந்த கேன் அங்கேயே இருந்தது. மூடியைத் திறந்து காட்டினேன். விரலை விட்டு வாயில் வைத்தாள். முகம் சுளித்தது.

"இதுவும்தான். ஒங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவள் கேனைத் திருகி மூடினாள்.

பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். உப்பு என்றேன். உப்புத் துணி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் என்றேன். இது எனக்குத் தெரிந்திருக்கணும் என்றேன்.

அவள் விரிப்பைக் கொடியிலிருந்து உருவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"புண்ணயும் அந்தத் தண்ணியிலதாண்ணே தொடச்சேன். கொதிக்க வச்சு, ஆறவச்சு. நல்ல தண்ணின்னு சொன்னீகல்ல."

காய்ச்சினால் தண்ணீர் குறையும். உப்பு குறையாது.

"அவுக கத்துனாக. தெனம் கத்துறதுதானேன்னு இருந்துட்டேன்."

உள்ளே போனோம். நானும் அவளும் சேர்ந்து அவரைப் புரட்டினோம். இரண்டு விரல் அகலம் இருந்த புண் கையகலம் ஆகியிருந்தது. சுற்றிலும் தோல் ஊறி வெளுத்திருந்தது. நாற்றம் இருந்தது. அவர் ஒலி கொடுத்தார். இந்தத் தடவை அது எந்த ஒலி என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவரை மடியில் குப்புறப் போட்டு நான் பிடித்துக்கொண்டேன். அங்கே நர்ஸ் அடியில் விரித்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டாள். "இத்னா கீலா க்யோன்?" ஏன் இவ்வளவு ஈரம் என்று. பக்கத்து வீட்டுக்காரிக்கு இந்தி நன்றாக வரும். பதில் சொல்லவில்லை. எனக்கும் வரும். நானும் சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்தபிறகு அவளிடம் சொன்னேன்.

"என் தண்ணியாலதான் தங்கச்சி."

"வேற யாரு தண்ணி கொண்டாந்து குடுத்தா எங்களுக்கு?" என்றாள். கோபமில்லை. உண்மையாகவே கேட்டாள். திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். இதற்கு நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மேடம் திரும்பி வந்தார். டெலானிபூர் ஆபீசிலிருந்து பெரியவர்கள் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். சக்கையிலிருந்து வருகிற கேஸைக் குழாயில் கொண்டுவந்து அடுப்பு பற்றவைத்தார்கள். நீலமாக நின்று எரிந்தது. கைதட்டினார்கள். பாசி கேஸில் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். மேடம் என்னை முன்னால் கூப்பிட்டார். "உப்பு எடுக்கறது இவர்தான் சார். இவர் இல்லன்னா ஈஸ்டே இல்ல." ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். சர்க்கரை தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

எல்லோரும் போனபிறகு மேடத்திடம் சொன்னேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எடுத்துக்கோங்கன்னு சொன்னது நான்தானே அண்ணா. தண்ணிய மாத்தி விடச் சொன்னதும் நான்தான். கேன் நிறுத்துங்கன்னு சொல்லிருக்கணும். தோணல."

"புண்ணு ஒங்களுக்குத் தெரியாது மேடம். நான் பக்கத்து வீடு."

அவருக்குக் கண் கலங்கியது. அவர் அழுதால் என் தப்பில் கொஞ்சம் அங்கே போய்விடும் போல இருந்தது. அதனால் எழுந்து வேலையைப் பார்க்கப் போனேன். அடுத்த நாள் பேனாக் கருவியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எப்படி எண் பார்ப்பது என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். நாக்கை நான் கேட்பதில்லை இப்போது.

அலசுகிற வேலையை விட்டுவிடலாமா என்று பெண்டாட்டியிடம் கேட்டேன்.

"விட்டா அந்தாளுக்குப் புண்ணு ஆறிருமா?"

"ஆறாது."

"அப்ப போங்க."

போகிறேன். பாசி வருகிறது. இந்தப் பாசியில் பஸ் ஓடும் நாள் வரும் என்கிறார் மேடம். சக்கையிலிருந்து தட்டு செய்யலாம், மருந்துக்கு மாவு எடுக்கலாம் என்கிறார். வரட்டும். நல்லதுதான். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. அடைப்பைப் பிடுங்கும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கம் மாற்றி மாற்றிப் படுக்கவைக்கணும், ஒரே பக்கம் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் பெரிய உடம்பு. அவள் ஒருத்தியால் முடியாது. வேலைக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் நான் போய்ப் புரட்டுகிறேன். மத்தியானம் என் பெண்டாட்டி போகிறாள். யாரும் எங்களை வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மழை இறங்கிவிட்டது. கூரையிலிருந்து விழுகிற தண்ணீரைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரி டிரம் டிரம்மாக வைத்திருக்கிறாள். இந்த ஊர் இப்படித்தான். வந்தால் போதும் போதும் என்கிற அளவுக்கு வரும். துணிதான் மழையில் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுகிறாள். காய்ந்துவிடுகிறது.

புரட்டும்போது அவர் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்ற பயமா, வேறா, தெரியாது. அந்தக் கண் என்னையே பார்க்கும். யார் தண்ணீர் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் அவளைக் கேட்டதில்லை. "அண்ணன் பானி கொண்டாந்திருக்காக" என்று அவள் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கும். காதுக்கு ஒன்றும் இல்லை அவருக்கு.

நேற்றுக் காலையும் போனேன். அவரைப் பக்கவாட்டில் சாய்த்து நான் தாங்கிக்கொண்டேன். அவள் மழைத்தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாள். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை குறைவு. கண்ணாடி தைக்கிற மிஷின் மேல் கிடந்தது.

"இன்னைக்கு எப்பிடிண்ணே இருக்கு? கொஞ்சம் சுருங்கியிருக்குல்ல?"

குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஓரத்தைப் பார்த்தேன். நடுவைப் பார்த்தேன். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருங்கியிருக்கு என்று சொல்ல வாய் வந்தது.

"அப்பிடியேதான் இருக்கு தங்கச்சி. கூடல. கொறையல."

"ம்" என்றாள். துணியை மறுபடி நனைத்தாள்.